ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு பாட்டில்

தங்கபாயின் கைகள் பேண்டேஜ் சுருட்டிக்கொண்டிருந்தன. ஊசி போடும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, வெள்ளைத் துணியை மடியில் போட்டு, இடது கையால் இழுத்துப் பிடித்து, வலது கையால் இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே போனாள். இடது மணிக்கட்டில் அவளுக்கே ஒரு கட்டு இருந்தது. நாய் கடித்த இடம். நான் போட்ட கட்டு.

"இங்க வெச்சு சுருட்டாத. துணி தரையில பெரளுது பாரு" என்றேன்.

"எப்படியும் அவிச்சுத்தான கட்டப்போறீய நர்ஸம்மா. கைக்கு வேல இருந்தாத்தான் வாய் செத்த நேரம் சும்மா இருக்கும்."

வாய் சும்மா இருக்கவில்லை. காலையில் ஒன்பது கிலோமீட்டர் நடந்து வந்திருந்தாள். தார் ரோட்டில் போலீஸ் நிற்கிறது என்று கண்மாய்க் கரையோடு சுற்றி வந்ததால் சேலை முழங்கால்வரை சேறு. ஒன்பதாவது ஊசி போடவேண்டிய நாள். நான் போடவில்லை. போட முடியாது என்று சொல்லிவிட்டேன். அதைச் சொன்னதற்காக எனக்கு என்மேல் இன்றுவரை கோபம் உண்டு. ஆனால் என்னைவிட அதிகம் கோபப்பட வேண்டியவர்கள் அன்று வேறு இடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1995ஆம் வருடம் அது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். தங்கபாயின் ஊர் ராஜபாளையத்துக்கும் எங்களுக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. மேலத்தெரு, கீழத்தெரு என்று மட்டும் சொல்கிறேன். சாதியைச் சொன்னால் படிப்பவர்கள் உடனே பக்கம் பிரித்துக்கொள்வார்கள், ஊசியை மறந்துவிடுவார்கள்.

அவளை எனக்கு 1983இலிருந்தே தெரியும். அப்போது நான் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்ப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இரண்டாவது பிரசவம். வலி வரும்போது மற்ற பெண்கள் அம்மாவைக் கூப்பிடுவார்கள், சாமியைக் கூப்பிடுவார்கள். இவள் டவுன் பஸ்ஸைத் திட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ரோட்டில் மூன்று மணி நேரம் நின்றும் பஸ் வரவில்லையாம். பிள்ளை வெளியே வந்து நான் தொப்புள்கொடியை வெட்டும்வரை டிரைவர், கண்டக்டர், டிப்போ மேனேஜர் என்று ஒருவரையும் விடவில்லை. இவளுக்கு ஒன்றும் ஆகாது என்று அப்போதே நினைத்தேன்.

அவள் புருஷன் பொன்னுராஜ் விசைத்தறியில் வேலை பார்த்தான். நெஞ்சில் பஞ்சு சேர்ந்து 1987இல் செத்துப்போனான். அதற்குப் பிறகு அவள் பேண்டேஜ் ஷெட்டுக்குப் போனாள். தறியில் நெய்த மெல்லிய துணியைச் சலவை செய்து, அகலம் பார்த்து அறுத்து, சுருட்டிக் கட்டி, ராஜபாளையத்துக்கு அனுப்புகிற வேலை. அங்கே பன்னிரண்டு பெண்கள். இரண்டு தெருக்காரிகளும் உண்டு. குடிக்கிற தண்ணீருக்குத் தனித்தனிக் குடம், உட்கார்வதற்குத் தனித்தனி ஓரம். ஆனால் ஷெட்டுக் கக்கூசுக்குக் கதவு இல்லை. அது எல்லோருக்கும் பொது. 1989இல் தங்கபாய் அந்தப் பன்னிரண்டு பேரையும் மூன்று நாள் வேலைக்கு வராமல் நிறுத்தினாள். நாலாம் நாள் ஓனர் தகரக் கதவு போட்டார். குடங்கள் அதற்குப் பிறகும் தனித்தனியாகத்தான் இருந்தன. "கதவ ரெண்டு பக்கமிருந்தும் சாத்தலாம்லா, அது போதும்" என்று என்னிடம் சொன்னாள்.

இனி நாய் விஷயம். ஒரு திங்கட்கிழமை காலை, எல்லாத் தெருக்காரர்களும் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் ஒரு வெறிநாய் புகுந்தது. கால் மணி நேரத்தில் ஐந்து பேரைக் கடித்தது. கீழத்தெருவில் தங்கபாயும், பிச்சையம்மாள் என்ற கிழவியும். மேலத்தெருவில் சமுத்திரம் என்கிற தோப்புக்காரர், அவர் தம்பி மனைவி நாச்சியார். இரண்டு தெருவுக்கும் நடுவில் இருக்கும் கடைத்தெருவில், பலசரக்குக் கடை சேக் முகைதீனின் மகள் அசீனா. எட்டு வயது.

அப்போதெல்லாம் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. தினம் ஒன்று. மருந்து குன்னூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். எங்களிடம் இருந்த பாட்டில் ஒன்று ஐந்து பேருக்குச் சரியாக இருக்கும். திறந்துவிட்டால் அந்த வரிசையோடு முடித்துவிட வேண்டும், மூடி வைத்து மத்தியானம் போடக் கூடாது என்பது எங்கள் டாக்டரின் உத்தரவு. கெட்டுப்போன மருந்தை ஏற்றிய ஆளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த உத்தரவில் எனக்குச் சண்டை இல்லை. ஐந்து பேர் சேர்ந்தால்தான் திறப்போம். மற்ற நாட்களில் வத்திராயிருப்பு, மடவார் வளாகம் என்று எங்கிருந்தாவது ஆள் வந்து எண்ணிக்கை தானாகச் சேர்ந்துவிடும்.

எட்டு நாள் அந்த ஐந்து பேரும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பெஞ்சின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து, வயிற்றைக் காட்டிவிட்டுப் போனார்கள். எட்டாம் நாள் சாயங்காலம் ஒரு கொடிக்கம்பத்துக்காக ஊரில் கலவரம். ஏழு வீட்டு ஓடுகள் உடைந்தன. அதில் ஒன்று தங்கபாயின் வீடு. கல் எறிந்த கூட்டத்தில் சமுத்திரத்தின் தம்பி இருந்ததை அவளே பார்த்தாள். இரண்டு பக்கத்திலும் மண்டை உடைந்து எங்களிடம் வந்தவர்களுக்கு நான் கட்டிய பேண்டேஜ் அவள் சுருட்டியதாகத்தான் இருக்கும். மறுநாள் தடை உத்தரவு. பஸ் இல்லை. வெளியூர் நோயாளி ஒருவரும் வரவில்லை. ஐஸ் பெட்டியில் இருந்தவை ஆறு பாட்டில்கள். அடுத்த பெட்டி பத்து நாள் கழித்துத்தான்.

அன்று பத்து மணிக்கு ஒரு போலீஸ்காரர் கார்பன் காப்பி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சமாதானக் கமிட்டியின் ஏற்பாடு. நாய்க்கடிக்காரர்கள் மறுநாளிலிருந்து போலீஸ் ஜீப்பில் அழைத்து வரப்படுவார்கள். மேலத்தெரு காலை எட்டு மணி. கீழத்தெரு மாலை மூன்று மணி. இரு தரப்பும் ஒருவரையொருவர் சந்திக்காமல் அமைதி காக்கப்படும். சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் கையெழுத்து.

இரண்டு தடவை படித்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கபாயிடம் விவரத்தைச் சொன்னேன்.

"ஆளுக்கு ஆறு ஊசி பாக்கி. பாட்டிலும் ஆறு. எல்லாரும் ஒண்ணா வந்தா ஆறு நாளைக்கும் சரியா வரும். இவங்க சொல்லுற மாதிரி காலையில ஒரு வரிசை, சாயந்தரம் ஒரு வரிசைன்னா நாளைக்கு ரெண்டு பாட்டில் ஒடையும். மூணு நாள்ல தீந்துபோவும். பதினோரு ஊசியோட எல்லாரும் நிக்க வேண்டியதுதான்."

அவள் கை நின்றது. "பதினோரு ஊசி போதாதா?"

"போதும்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நோய் வந்துட்டா மருந்து கெடையாது. தண்ணியப் பாத்து அலறிச் செத்தவங்களை நான் பாத்திருக்கேன்."

"அப்ப எனக்கு இன்னைக்கு ஒண்ணு போட்டு விடுங்க."

"உனக்கு மட்டும் திறந்தா நாலு பேரு பங்கு சாக்கடையில போவும். பாட்டில் அஞ்சாயிரும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சமுத்திரத்துப் பங்குமா?"

"அவர் பங்கும்தான்."

"என் வீட்டு ஓட்ட ஒடச்சவன் அண்ணனுக்கு நான் மருந்து மிச்சம் புடிக்கணும். நல்லாருக்கு நர்ஸம்மா, ரொம்ப நல்லாருக்கு" என்று துணியைச் சுருட்டி மூட்டையில் திணித்தாள். "எங்க இருக்கு அந்த மண்டபம்?"

டாக்டரிடம் போனேன். "அவங்க எழுதிக் குடுத்தபடி செய்ங்க சிஸ்டர், வம்ப விலைக்கு வாங்காதீங்க" என்றார். இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்ததும் நானும் தங்கபாயோடு போனேன்.

மண்டபத்தில் நாற்பது பேர். எல்லோரும் ஆண்கள். மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேசை, பிஸ்கட் தட்டு, ஒரு புறாக்கூண்டு. முடிவில் புறா பறக்கவிடப் போகிறார்களாம். அமைதி, அமைதி என்று மைக்கில் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அமைதி நம் மண்ணின் குணம் என்றார் ஒருவர். நேற்றுக் கல் பறந்ததும் அதே மண்ணில்தான். அடுத்தவர், கலவரம் ஓய்ந்து ஊர் நிசப்தமாக இருக்கிறது, இதுவே கமிட்டியின் வெற்றி என்றார். ஊர் நிசப்தமாக இருந்தது உண்மை. கடை திறக்கவில்லை, தறி ஓடவில்லை, பால் வரவில்லை. நாற்பது வருடம் நோயாளிகளைப் பார்த்தவள் நான். வார்டில் சத்தம் அடங்கிவிட்டால் நான் நிம்மதி அடைவதில்லை, எழுந்துபோய் நாடி பிடித்துப் பார்ப்பேன். இவர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

மேலத்தெருப் பிரதிநிதிகள் வரிசையில், முன்னால், வேட்டி மடிப்புக் கலையாமல் சமுத்திரம் உட்கார்ந்திருந்தார். காலை நேரம் அவர் கேட்டு வாங்கியது. 'முதல் ஜீப் எங்களுக்கு' என்று அவர் பிடித்த பிடியில் காலைக் கூட்டம் ஒரு மணி நேரம் நீண்டதாம். கீழத்தெருக்காரர்கள் தங்களுக்கும் காலைதான் வேண்டும் என்று மல்லுக்கட்டித் தோற்றார்களாம். மருந்து எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு பக்கத்திலும் ஒரு ஆளும் கேட்கவில்லை.

தங்கபாய் நேரே மேடைக்கு அருகில் போனாள்.

"ஐயா, ஒரு வார்த்த. பாட்டில் ஆறுதான் இருக்கு. எங்களப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போனா மூணு நாள்ல தீந்துரும். எல்லாத்துக்கும் ஒரே நேரம் எழுதுங்க."

தலைவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "மருந்து விவகாரமெல்லாம் ஆஸ்பத்திரியில பேசிக்கம்மா. இது சட்டம் ஒழுங்கு. ரெண்டு தரப்பும் ஒரே இடத்துல கூடுனா அமைதிக்குப் பங்கம்" என்றார்.

"எங்களத் தனித்தனியா வெச்சா சத்தம் வராதுதான். குழிக்குள்ள வெச்சாலும் வராது."

நான் முன்னால் போய், மருந்து விவரத்தை எடுத்துச் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். அடுத்த வாரம் வியாழக்கிழமைக் கூட்டத்தில் பரிசீலிப்பதாகச் சொன்னார். வியாழக்கிழமைக்குள் பாட்டில் தீர்ந்திருக்கும் என்றேன். "அப்ப அன்னைக்குப் புதுசா முடிவெடுக்கலாம்" என்றார். பிறகு கையெழுத்து ஆனது. கூண்டைத் திறந்தார்கள். புறா வெளியே வராமல் மூலையில் ஒடுங்கி இருந்தது. ஒருவர் கையைவிட்டு எடுத்து மேலே எறிந்தார்.

வெளியே டீ கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் தங்கபாய் சமுத்திரத்தைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, கேட்டீயள்லா? உங்க வயித்துக்கும் பதினோரு ஊசிதான்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "கேட்டேன். அதுக்கு நான் என்ன செய்ய? உங்கூட ஒரே ஜீப்புல வந்து எறங்குனா எங்க தெருவுல எவன் என்னை மதிப்பான்?"

"உங்க ஜீப்பு யாருக்கு வேணும்? நீங்க ஜீப்புல வாங்க, நாங்க நடந்து வாரோம். ஊசி போடுற நேரம் ஒண்ணா இருந்தாப் போதும்."

"காலையில நீ வந்தா நாங்க வாங்குன நேரத்துல கீழத்தெரு நொழைஞ்சதா ஆகும்."

"அப்ப நீங்க மூணு மணிக்கு வாங்க."

"உங்க நேரத்துக்கு நான் வரணுமா? நல்ல கதையா இருக்கே."

"ஆமா, மகாராசா வர வேண்டாம். தண்ணியக் கண்டு குலைக்கும்போது எந்தத் தெருன்னு கேட்டுட்டுக் குலைங்க" என்றாள். இன்னும் ஒரு அடி கிட்டே போனாள். "உங்க தம்பி என் வீட்டு ஓட்ட ஒடச்சான். அத நான் மறக்கப்போறதில்ல, உங்களுக்கு நல்லது நெனைக்கவும் போறதில்ல. எனக்கு ரெண்டு புள்ளைய இருக்கு. நான் சாவக் கூடாது. அதுக்கு நீங்க வந்து வயித்தக் காட்டணும். அம்புட்டுதான்."

சமுத்திரம் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மனசு வரலாம் என்றுதான் சொன்னது என்று நினைக்கிறேன். வாயிலிருந்து வரவில்லை. அந்த ஊர் ஆண்கள் செத்துக்கூடப் போவார்கள், இரண்டாவதாக மட்டும் வரமாட்டார்கள்.

அப்போது நூர்னிசா வந்தாள். அசீனாவின் அம்மா. வியாபாரிகள் சார்பில் சேக் முகைதீனைக் கூப்பிட்டிருந்ததால், தன் மகள் விஷயம் கேட்கக் கூடவே வந்து, மண்டப வாசலில் அரை நாள் நின்றிருந்தாள். கையில் அந்தக் கார்பன் காப்பியில் ஒன்று.

"நர்ஸக்கா, இதுல எங்க நேரம் எதுன்னு படிச்சுச் சொல்லுங்க. நாங்க மேலத்தெருவா கீழத்தெருவா?"

வாங்கிப் பார்த்தேன். கடைத்தெருவுக்கு நேரமே எழுதவில்லை. அந்தப் பிள்ளையை நாற்பது பேரும் மறந்துபோயிருந்தார்கள்.

"உனக்கு எழுதலையே" என்றேன்.

"எழுதலன்னா?"

"எழுதலன்னா எழுதல. உன் மகளுக்கு ஊசியே கெடையாதுன்னு அர்த்தம். இல்லன்னா எப்ப வேணா வரலாம்னு அர்த்தம்."

தங்கபாய் சட்டென்று திரும்பினாள். "ஏட்டி நூர்னிசா, நீ எத்தன மணிக்கு வருவ?"

"அவுக அத்தா பூட்டுன கடைக்குள்ள சரக்க ஒதுக்கி வெச்சுட்டு மொபட்டுல கூட்டியாரணும். பத்து மணி ஆயிரும்."

"பத்து மணி. அண்ணாச்சி, அது உங்க நேரமும் இல்ல, என் நேரமும் இல்ல. அந்தப் புள்ள நேரம். எட்டு வயசுப் புள்ளைக்காகக் காத்திருந்தா உங்க மதிப்பு கொறையுமா? உங்க ஜீப்பு எட்டுக்கே வந்துரட்டும். மொத ஆளா வந்து எறங்குங்க. பொறவு ரெண்டு மணி நேரம் மரத்தடியில உக்காருங்க. உக்காருறதுக்குப் பேப்பர்ல தடை இல்லல்லா?"

நூர்னிசா சமுத்திரத்தைப் பார்த்து, "அண்ணே, எம்பிள்ளைக்கு மட்டும் பாட்டில் திறக்க மாட்டாங்களாம். நீங்க வந்தாத்தான் அவளுக்கு ஊசி" என்றாள்.

தங்கபாய் கேட்டபோது மறுத்தவருக்கு, இவள் கேட்டது உதவி என்பதால் வசதியாகிவிட்டது. "புள்ளைக்காகன்னா சரி" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனார். எனக்கு அதைக் கேட்டுப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. தங்கபாய்க்கும்தான். ஆனால் அவள் அதோடு விட்டுவிட்டாள். கதவு விஷயத்தில் குடங்களைப் பற்றிப் பேசாமல் இருந்தவள் அவள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜீப் வந்தது. சமுத்திரமும் நாச்சியாரும் இறங்கினார்கள். கூட வந்த போலீஸ்காரர் சீக்கிரம் போடச் சொன்னார். ஊசிகள் இன்னும் வேகவில்லை என்றேன். வேண்டுமென்றே அடுப்பைப் பற்றவைக்காமல் இருந்தேன். சமுத்திரம் வேப்பமரத்தடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஒன்பதே முக்காலுக்கு மொபட்டில் அசீனா வந்தாள். பத்து ஆனது. பத்தேகாலும் ஆனது. கீழத்தெரு வரவில்லை. சமுத்திரம் இரண்டு முறை எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பத்தரைக்குத் தங்கபாய் வந்தாள். மூன்று மணி ஜீப் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விடியும்போதே புறப்பட்டிருந்தாள். பிச்சையம்மாளை ஒரு சைக்கிளின் பின்சீட்டில் உட்காரவைத்து, ஒன்பது கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

ஐந்து பேரும் அறை வாசலில் சேர்ந்ததும் போலீஸ்காரர் பதறி ஓடிவந்தார். "ஏய், தடை உத்தரவு இருக்கு. அஞ்சு பேரு ஒண்ணா நிக்கக் கூடாது. ரெண்டு பேரு அங்கிட்டுப் போங்க."

"அஞ்சு பேரு ஒண்ணா நின்னாத்தான் இங்க மருந்து. என்னையும் சேத்து ஆறு. வேணும்னா ஏழாவதா நீங்களும் நின்னு, கேஸ் எழுதிட்டுப் போங்க. இல்லன்னா வழிய விடுங்க. மருந்து வெளிய எடுத்தாச்சு" என்றேன். விட்டார்.

யார் முதலில் என்று யாரும் கேட்பதற்குள் அசீனாவைக் கூப்பிட்டேன். நேரம் அவளுடையது. அடுத்து பிச்சையம்மாள், வயதுக்காக. பிறகு நாச்சியார். நாலாவது தங்கபாய். அவள் வயிற்றில் புதிதாகக் குத்த இடம் தேட வேண்டியிருந்தது, எட்டு ஊசியின் வீக்கமும் வற்றவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கொடிக்கம்பத்தில் தொடங்கி புறா வரைக்கும் திட்டினாள்.

சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே போகிறபோது வாசலில் நின்ற சமுத்திரத்தின் காதில் விழும்படி, "நர்ஸம்மா, அண்ணாச்சிக்கு மிச்சம் இருக்கான்னு பாத்துக்கோங்க. பொறவு கீழத்தெரு குடிச்சுருச்சும்பாக" என்றாள்.

அவர் உள்ளே வந்து முதலில் பாட்டிலைத்தான் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். அவர் பங்கு சரியாக இருந்தது. சட்டையைத் தூக்கினார். போட்டேன்.

"நாளைக்கும் பத்து மணி" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. ஒருவரும் மறுக்கவில்லை. ஜீப் கிளம்பியது. தங்கபாய் கிழவியை சைக்கிளில் ஏற்றி ஹேண்டில்பாரைப் பிடித்தாள். நான் காலிப் பாட்டிலைக் குழியில் போட்டுவிட்டு, ஐந்து ஊசிகளையும் கழுவி மறுபடி கொதிக்கும் தண்ணீரில் போட்டேன்.